உலகம் சுற்றும் டிக்கெட்டில் ஸ்டேட்டஸ் பிடிப்பது எப்படி? வேலூரிலிருந்து ஒரு கணக்கு

[திரையில்: உலக வரைபடம். சென்னையில் ஒரு புள்ளி.]

வணக்கம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் புதிதில்லை. மிலானில் லீனியாபெல்லே கண்காட்சி, நியூயார்க்கில் ஒரு பையர், ஹாங்காங்கில் ஒரு மீட்டிங். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போய்வரும் டிக்கெட் எடுப்பதுதான் வழக்கம். இவற்றை ஒரே சுற்றில் முடித்து, விமான நிறுவனத்தின் ஸ்டேட்டஸையும், அதாவது பறந்து சேர்க்கும் பாயிண்ட்டுக்கு ஏற்ப அவர்களுடைய பயணிகள் கிளப் தரும் உயர்ந்த படியையும், பிடிக்க முடியுமா என்று பார்ப்போம்.

ஸ்டேட்டஸால் என்ன லாபம்? பல விமான நிறுவனங்கள் சேர்ந்த ஒன்வேர்ல்டு கூட்டணியில் ரூபி, சஃபையர், எமரால்டு என்று மூன்று படிகள். சஃபையர் வந்துவிட்டால் எகானமி டிக்கெட்டில் போனாலும் பிசினஸ் லவுஞ்ச் கிடைக்கும். பெரும்பாலும் கூடுதல் லக்கேஜும் உண்டு. சென்னையில் வெளிநாட்டு விமானம் பல நேரங்களில் அதிகாலையில்தான். ஸ்ரீபெரும்புதூர் டிராபிக்குக்குப் பயந்து நாம் முன்னிரவே போய் உட்கார்ந்துவிடுகிறோம். சாம்பிள் ஷூவும் தோல் துண்டுகளுமாகப் பெட்டி வேறு கனக்கும். சென்னைக்காரரைவிட நமக்குத்தான் இது அதிகம் உதவும்.

சரி, டிக்கெட்டுக்கு வருவோம்.

[திரையில்: கண்டங்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறுகின்றன.]

உலகம் சுற்றும் இந்த டிக்கெட்டின் பெயர் ஒன்வேர்ல்டு எக்ஸ்ப்ளோரர். மூன்று முதல் ஆறு கண்டங்கள், அதிகபட்சம் 16 செக்டர் (ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ஒரு விமானம் என்றால் ஒரு செக்டர்), ஒரு வருடம் செல்லுபடி. கிழக்கோ மேற்கோ ஒரே திசையில் சுற்றி, அட்லாண்டிக், பசிபிக் இரண்டையும் தாண்டி, தொடங்கிய நாட்டுக்கே திரும்ப வேண்டும். விலை கண்டங்களின் எண்ணிக்கையையும் தொடங்கும் நாட்டையும் வகுப்பையும் பொறுத்தது. எத்தனை மைல் பறந்தோம் என்பதைப் பொறுத்ததில்லை. நம் விளையாட்டு முழுக்க இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை: இந்த டிக்கெட்டின் கணக்கில் தோகா ஐரோப்பாவோடு சேர்ந்தது. அதனால் சென்னை, தோகா, மிலான், லண்டன், நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ், டோக்கியோ, ஹாங்காங், மறுபடி சென்னை என்று போனால் மூன்றே கண்டம், எட்டே செக்டர்.

இப்போது கைவேலை. லண்டனிலிருந்து நியூயார்க் 3,450 மைல். அங்கிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் 2,475. அப்புறம் டோக்கியோ சுமார் 5,490. மொத்தம் 11,400 மைலுக்குக் கொஞ்சம் மேல். இதையே திருப்பிப் போடுங்கள். லண்டனிலிருந்து முதலில் லாஸ் ஏஞ்சல்ஸ், சுமார் 5,450. அங்கிருந்து நியூயார்க் வந்து, நியூயார்க்கிலிருந்து நேராக டோக்கியோ, சுமார் 6,750. மொத்தம் 14,600-ஐத் தாண்டுகிறது. அதே ஊர்கள், அதே செக்டர் எண்ணிக்கை, அதே அடிப்படைக் கட்டணம். 3,000 மைலுக்கு மேல் கூடுதல். கண்டத்துக்குள் முன்னும் பின்னும் போய்வர அனுமதி உண்டு என்பதால் இது விதிக்கு உட்பட்டதுதான். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நேரடி விமானம் ஒரு முறைதான் எடுக்கலாம்.

[திரையில்: இரண்டு பாதைகளும் அடுத்தடுத்து.]

இவ்வளவு மைல் சேர்த்தால் ஸ்டேட்டஸ் தானாக வந்துவிடுமா? வராது. கூட்டணியில் எந்த நிறுவனத்தின் கிளப்பில் பாயிண்ட்டைச் சேர்க்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸை எடுத்துக்கொள்வோம். அங்கே சஃபையருக்குச் சமமான பிளாட்டினம் படிக்கு 75,000 லாயல்டி பாயிண்ட் வேண்டும். கூட்டாளி நிறுவன விமானங்களுக்குத் தூரத்தையும் வகுப்பையும் பார்த்துத் தருகிறார்கள். நம் சுற்று முழுவதுமே சுமார் 24,000 மைல்தான். பிசினஸ் கிளாஸ் போனஸைச் சேர்த்தாலும் 75,000 எட்டாது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரல் 1 முதல், தன் விமானங்களுக்குப் பெரும்பாலும் செலவழித்த பணத்தை வைத்தே கணக்கிடுகிறது. பழைய வீடியோக்களில் சொன்ன வித்தைகள் அங்கே செல்லாது.

கேத்தே பசிபிக்கில் சஃபையருக்குச் சமமான கோல்டு படிக்கு 600 ஸ்டேட்டஸ் பாயிண்ட். கத்தார் ஏர்வேஸில் அதே கோல்டுக்கு 300 க்யூபாயிண்ட். இவை செக்டர் ஒவ்வொன்றையும் தூர மண்டலம், வகுப்பு என்று பிரித்துப் பாயிண்ட் தருகின்றன. இப்படிப்பட்ட கிளப்பில் ஒரு நீண்ட நேரடி விமானத்தைவிட, அதையே இரண்டாக உடைத்துப் பறப்பது சில சமயம் அதிகம் தரும். எட்டு செக்டரில் நிற்பானேன், 16 வரை இடமிருக்கிறதே! வட அமெரிக்காவுக்குள் ஆறு, மற்ற கண்டங்களில் நான்கு நான்கு என்பது வரம்பு. ஆனால் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்கினால் முதுகு போய்விடும். பாயிண்ட்டுக்காக டல்லாஸில் ஒரு இரவு படுப்பது புத்திசாலித்தனமா என்று என்னைக் கேட்டால், பாயிண்ட் குறையும்போது மட்டும் சரி.

குவான்டாஸ் மாதிரி சில கிளப்களில் இன்னொரு கண்ணி: அவர்களுடைய விமானத்தில் குறைந்தது நான்கு செக்டராவது பறந்திருக்க வேண்டும். நம் பாதையில் குவான்டாஸே இல்லை, ஆக அது வேண்டாம். முதலில் கிளப், அப்புறம் பாதை, கடைசியில் டிக்கெட். இந்த வரிசை மாறக் கூடாது.

பணத்துக்கு வருவோம். இந்தியாவில் தொடங்கும் பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், எகானமிக்கு 5. லண்டனில் தங்கிவிட்டுக் கிளம்பினால் பிரிட்டிஷ் பயணி வரி தனியாக விழும், பிசினஸில் அது கனமான தொகை. அதே டிக்கெட்டில் 24 மணி நேரத்துக்குள் விமானம் மாறினால் அந்த வரி இல்லை. மிலானில் வேலை, லண்டனில் வேலை இல்லை என்றால் அப்படியே மாறிவிடுங்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை மகனைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்களுக்கு இதெல்லாம் வேண்டாத வேலை. ஸ்டேட்டஸ் வந்த பிறகு அடுத்த ஒரு வருடம் நிறையப் பறந்தால்தான் காசு திரும்பும்.

[திரையில்: பாஸ்போர்ட்டின் பெயர்ப் பக்கம்.]

நம் ஊர்ப் பெயர்ச் சிக்கல் ஒன்று பாக்கி. இனிஷியல் வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு விரிந்திருக்கும். சிலருக்குக் குடும்பப் பெயர் இடம் காலி. கிளப் கணக்கில் ஒரு மாதிரி, டிக்கெட்டில் ஒரு மாதிரி இருந்தால் பாயிண்ட் ஏறாமல் போகலாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கிளப்பில் பதியுங்கள். குடும்பப் பெயர் காலியாக இருப்பவர்கள், டிக்கெட்டில் எப்படி எழுதுவார்கள் என்று ஏஜென்ட்டிடம் கேட்டு அதையே கிளப்பிலும் எழுதுங்கள். எட்டு போர்டிங் பாஸையும் போட்டோ எடுத்து வையுங்கள். பாயிண்ட் விட்டுப்போனால் கேட்டு வாங்க அதுதான் ஆதாரம்.

விசாவும் முன்னாலேயே. அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும். சென்னை அண்ணா மேம்பாலத்துப் பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு பணம் கட்டுங்கள். தேதி மாற்றம் பெரும்பாலும் இலவசம், பாதையை மாற்றினால் கட்டணம் உண்டு.