அண்ணன் 10 நாள், தம்பி 15 நாள்: சேர்ந்து கட்டினா?

(திரையில்: பாதி கட்டிய செங்கல் சுவர்)

எட்டாம் வகுப்பு வீட்டுப்பாடத்துல தவறாம வர்ற கணக்கு. ஒரு சுவரை அண்ணன் தனியா கட்டினா 10 நாள் ஆகும். தம்பி தனியா கட்டினா 15 நாள். ரெண்டு பேரும் சேர்ந்து கட்டினா எத்தனை நாள்?

வீடியோவை நிறுத்திட்டு ஒரு விடையை எழுதிக்கோங்க.

25னு எழுதினீங்களா? அண்ணன் ஒத்தை ஆளாவே 10 நாள்ல முடிச்சிடுறார். துணைக்கு ஆள் வந்தப்புறம் 25 நாள் ஆகணும்னா, கட்டக் கட்ட தம்பி இடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் உண்டு! கூட்டி ரெண்டால வகுத்து பன்னிரண்டரைன்னு போட்டவங்களுக்கும் இதே பதில்தான்.

பேனாவைத் தொடாமலே இன்னும் கொஞ்சம் நெருங்கலாம். ரெண்டு பேருமே அண்ணன் வேகத்துல கட்டினா 5 நாள். ரெண்டு பேருமே தம்பி வேகம்னா ஏழரை நாள். அப்போ விடை இதுக்கு நடுவுலதான் எங்கேயோ இருக்கு.

(திரையில்: 1/10 + 1/15)

புத்தகத்துல இப்படித்தான் இருக்கும். நாட்களைக் கூட்ட முடியாது, ஒரு நாள்ல முடிக்கிற வேலையைத்தான் கூட்ட முடியும். அதைத்தான் இந்தப் பின்னம் சொல்லுது. பின்னம்னாலே பயமா? செங்கல்லா மாத்திக்குவோம்.

10, 15 ரெண்டுக்கும் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு, அதாவது ரெண்டாலயும் மீதியில்லாம வகுபடுற ரொம்பச் சின்ன எண்) 30. சுவருக்கு மொத்தம் 30 செங்கல்னு வச்சுக்கோங்க. (30 செங்கல்ல என்னய்யா சுவருன்னு மேஸ்திரி சிரிப்பார். நமக்குப் போதும்.) அண்ணன் ஒரு நாளைக்கு 3 செங்கல், தம்பி 2. சேர்ந்தா 5. முப்பதை அஞ்சால வகுத்தா 6 நாள். அஞ்சுக்கும் ஏழரைக்கும் நடுவுல வந்துடுச்சு பாருங்க.

பரீட்சையில இதையே கொஞ்சம் திருகிக் கேப்பாங்க. ரெண்டு பேரும் 2 நாள் கட்டினாங்க, அப்புறம் அண்ணன் வேற வேலைக்குப் போயிட்டார். மீதியைத் தம்பி எத்தனை நாள்ல முடிப்பார்? ரெண்டு நாள்ல 10 செங்கல் முடிஞ்சது, பாக்கி 20. தம்பிக்கு நாளைக்கு 2, அப்போ 10 நாள். கேள்வியில ‘மொத்தம் எத்தனை நாள்’னு இருந்தா 12. மார்க் போறது பெரும்பாலும் இந்த ஒரு வார்த்தையிலதான்.

(திரையில்: தண்ணித் தொட்டி, அடியில் ஓட்டை)

கடைசியா தொட்டிக் கணக்கு. குழாய் 4 மணி நேரத்துல நிரப்பும், அடியில இருக்கிற ஓட்டை 6 மணி நேரத்துல காலி பண்ணும். மீ.சி.ம. 12, அதனால தொட்டியில 12 குடம். மணிக்கு 3 குடம் வருது, 2 குடம் போகுது, ஒரு குடம்தான் தங்குது. நிரம்ப 12 மணி நேரம்.

அதே ஓட்டை 3 மணி நேரத்துல காலி பண்ற அளவுக்குப் பெருசா இருந்தா? வர்றது 3 குடம், போறது 4. எத்தனை மணி நேரத்துல நிரம்பும்னு தேடாதீங்க. ‘நிரம்பாது’ன்னு தைரியமா எழுதுங்க.