பியானோ கடைக்கு எதுக்கு ஒரு குவிமாடம்?

[திரையில்: நியூயார்க், மேற்கு 57-ஆவது தெரு. கேமரா கல் முகப்பில் மெதுவாக மேலேறுகிறது]

வாசலுக்கு மேல இருக்கிற அந்த அரைவட்டத்தைப் பாருங்க. கிரேக்கக் கதைகள்ல இசைக்கான கடவுளான அப்பல்லோவும் ஒரு இசைத் தேவதையும். லியோ லென்டெல்லி செதுக்கின சிற்பம். நெத்திப் பட்டையில வரிசையா பழைய இசைமேதைகளோட முகங்கள். முதல்தடவை பார்க்கிறவங்க இதை நூலகம்னோ வங்கினோ நினைப்பாங்க. ஆனா இது பியானோ விக்கிறதுக்காகக் கட்டின கடை. பேரு ஸ்டெயின்வே ஹால்.

[திரையில்: 14-ஆவது தெருவின் பழைய படம்]

இந்தக் கதை இங்க ஆரம்பிக்கலை. ஸ்டெயின்வே குடும்பம் ஜெர்மனியில இருந்து வந்து, 1853-ல நியூயார்க்ல கம்பெனி தொடங்கினாங்க. 1866-ல கிழக்கு 14-ஆவது தெருவுல ஒரு கச்சேரி அரங்கம் திறந்தாங்க. ரெண்டாயிரம் பேருக்கு மேல உக்காரலாம். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1867-ல அந்த மேடையில நின்னுதான் தன் கதைகளைப் படிச்சுக் காட்டினார். அதுல ஒரு சூட்சுமம் இருந்துச்சு: கச்சேரிக்கு வர்றவங்க, விற்பனைக்கு வெச்ச பியானோக்களைத் தாண்டித்தான் அரங்கத்துக்குள்ள போகணும்! யாரும் யாரையும் வாங்கச் சொல்லலை. பாட்டைக் கேட்டு மனசு நிறைஞ்சு திரும்பும்போது, அதே பியானோ கண்ணு முன்னாடி நிக்கும். அவ்வளவுதான்.

1891-ல கார்னகி ஹால்ங்கிற பெரிய கச்சேரி அரங்கம் 57-ஆவது தெருவுல வந்தது. நகரத்தோட இசையும் அந்தப் பக்கம் நகர்ந்தது. கடையும் பின்னாலேயே வந்தது. 1916-லேயே இடம் வாங்கிட்டாங்க, ஆனா கட்டடம் எழும்பி முடிய 1925 ஆயிடுச்சு.

[திரையில்: கட்டடத்தின் முழு உயரம்]

வடிவமைச்சது வாரன் அண்ட் வெட்மோர். கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துல கைவெச்ச அதே நிறுவனம். மொத்தம் 16 மாடி. மேல போகப் போக உள்வாங்கிப் படிப்படியா ஏறுது, பார்த்தீங்களா? தெருவுக்கு வெளிச்சமும் காத்தும் வரணும்னு 1916-ல நகரம் போட்ட சட்டம் அப்படிக் கட்ட வெச்சுது.

[திரையில்: உள்ளே, குவிமாடம்]

எனக்கு ரொம்பப் பிடிச்சது உள்ள இருக்கு. எட்டுப் பக்கமா, ரெண்டு மாடி உயரத்துக்கு ஒரு கூடம். மேல குவிமாடம், அதுல பால் அர்ன்ட் வரைஞ்ச ஓவியங்கள், நடுவுல படிகச் சரவிளக்கு. பார்த்தா கடைன்னே தோணாது. 1925 அக்டோபர் திறப்பு விழாவுல, இசை நடத்துநர் வில்லெம் மெங்கல்பர்க் தலைமையில, நியூயார்க் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவோட கலைஞர்கள் இங்கதான் வாசிச்சாங்க. கடையோட முன்கூடத்துக்குள்ள ஒரு வாத்தியக் குழு! 14-ஆவது தெருவுல கடையும் அரங்கமும் அடுத்தடுத்து இருந்துச்சு. இங்க ரெண்டும் ஒரே அறையாயிடுச்சு.

கீழ்த்தளத்துல இன்னொரு ரகசியம். கச்சேரிக்காகவே தனியா வெச்சிருந்த பியானோக்கள் அங்க இருந்தது. பெரிய கலைஞர்கள் ஒவ்வொண்ணா உக்காந்து வாசிச்சு, தன் விரலுக்கு ஒத்துவர்றதைத் தேர்ந்தெடுப்பாங்க. அந்தப் பியானோ மேடைக்குப் போகும்.

[திரையில்: ஒல்லியான உயரக் கோபுரம்]

2001-ல கட்டடத்தோட வெளிப்புறம் பாதுகாக்கப்பட்ட சின்னமாச்சு. 2013-ல குவிமாடக் கூடத்துக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைச்சது. ரெண்டாவதுதான் பெரிய விஷயம்னு நான் நினைக்கிறேன். முகப்பை மட்டும் காப்பாத்தி, உள்ள எல்லாத்தையும் இடிச்சிருந்தா, இந்தக் கட்டடம் என்னன்னே நமக்குப் புரிஞ்சிருக்காது. அடுத்த வருஷம் ஸ்டெயின்வே இங்கிருந்து காலி பண்ணினாங்க. 2016-ல ஆறாவது அவென்யூவுல புது ஹால் திறந்தாங்க.

பழைய ஹாலை ஒட்டி இப்ப 435 மீட்டர் குடியிருப்புக் கோபுரம் நிக்குது. உயரம் அகலத்தைப் போல 24 மடங்கு. அண்ணாந்து அதையே பார்த்துட்டு நிறைய பேர் நகர்ந்துடறாங்க. நீங்க அந்தப் பக்கம் போனா, கழுத்தை இறக்கி, வாசலுக்கு மேல இருக்கிற அரைவட்டத்துல கொஞ்சநேரம் கண்ணை நிறுத்துங்க.

[திரையில்: அப்பல்லோ சிற்பம், அண்மைக் காட்சி]