பார்த்தவர் சொல்லட்டும்!

நடுவர் அவர்களே, தக்கலைப் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

துப்புத் துலங்காத வழக்குகளில் பொதுமக்கள் இணையத்தில் துப்பறிவது உதவியா, உபத்திரவமா? இதுதான் தலைப்பு. உபத்திரவமே என்பது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய அண்ணன், "ஆயிரம் பேர் சேர்ந்து யோசித்தால் குற்றவாளி தப்புவானா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். தப்புகிறான் அண்ணே. மாட்டிக்கொள்வது பக்கத்து வீட்டுக்காரன்.

2007 மே 3. போர்ச்சுகலில் பிரயா டா லூஸ். நம்ம முட்டம், சொத்தவிளை போல விடுமுறைக்கு ஆட்கள் வந்துபோகும் கடற்கரை ஊர். தங்கியிருந்த வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பிரிட்டிஷ் குழந்தை மேட்லின் மெக்கேன் காணாமல் போனாள். வழக்குக்கு இன்னும் முடிவில்லை. அந்த ஊரிலேயே இருந்த பிரிட்டிஷ்காரர் ஒருவருக்கு இரண்டு மொழியும் தெரியும். மொழிபெயர்த்து உதவ ஓடி வந்தார். 'இவருக்கு ஏன் இத்தனை அக்கறை?' என்று ஒரு பத்திரிகையாளருக்குச் சந்தேகம் வந்தது. அவ்வளவுதான். போலீஸ் விசாரணை, பக்கம் பக்கமாகக் கதைகள். கடைசியில் 2008-இல் 11 பத்திரிகைகள் மன்னிப்புக் கேட்டு 6 லட்சம் பவுண்டு இழப்பீடு கொடுத்தன. பத்திரிகைக்கு முகவரி இருந்தது, வழக்குப் போட்டார். 'உண்மை விளம்பி' என்ற பெயரில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுதுகிறவன் மேல் யார் வழக்குப் போடுவது? அந்தக் குழந்தையின் பெற்றோரைப் போலீஸ் சந்தேகப் பட்டியலிலிருந்து அதே 2008-இல் நீக்கிவிட்டது. இணையம் இன்னும் நீக்கவில்லை.

எலிசபெத் ஸ்மார்ட்டைப் பொதுமக்கள்தானே கண்டுபிடித்தார்கள் என்றார் அண்ணன். உண்மை, ஆனால் பாதிதான் சொன்னார். 2002 ஜூனில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில், படுக்கையறையில் இருந்த 14 வயதுப் பெண்ணை ஒருவன் கத்தி முனையில் கடத்தினான். அந்த வீட்டில் முன்பு வேலை பார்த்த ஒரு தொழிலாளி மேல் எல்லோருக்கும் சந்தேகம். பரோலில் இருந்தவர் வேறு. கேட்கணுமா? காவலில் இருக்கும்போதே ஆகஸ்டில் மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோனார். அவருக்கும் கடத்தலுக்கும் சம்பந்தமே இல்லை.

வழி திறந்தது யாரால்? அதே அறையில் படுத்திருந்த தங்கையால். கேட்ட குரல் எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று மனசுக்குள் தேடித் தேடி, அக்டோபரில்தான் அவளுக்கு நினைவு வந்தது: கூரை வேலைக்கு வந்த இன்னொரு ஆள்! அப்புறம் படம் வரைந்தார்கள், தொலைக்காட்சியில் காட்டினார்கள். 2003 மார்ச்சில் அந்த ஆளைத் தெருவில் பார்த்தவர்கள் போலீசைக் கூப்பிட்டார்கள். பார்த்ததைச் சொன்னார்கள் நடுவரே, ஊகித்ததை அல்ல.

"சந்தேகப்பட்டது போலீஸ்தானே" என்பார் அண்ணன். சரி, பயிற்சி எடுத்த போலீசே சறுக்குகிற இடத்தில், ரீசார்ஜ் போட்ட ஒரே தகுதியோடு நாம் எதற்கு இறங்க வேண்டும்?

அவ்வளவு தூரம் ஏன், திருவனந்தபுரம் தாண்டினால் கொல்லம். 2023-இல் ஓயூரில் கடத்தப்பட்ட ஆறு வயதுக் குழந்தை மறுநாள் கிடைத்தாள். அவள் சொன்ன அடையாளத்தை வைத்து வரைந்த படம் விசாரணைக்குக் கைகொடுத்தது. ஆறு வயதுப் பிள்ளையின் ஞாபகம் செய்ததை நம்ம ஆயிரம் ஊகம் செய்யவில்லை.

இனி நம்ம தமிழ்நாட்டுக் கதை. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், கோயிலுக்குக் காரில் வந்த 65 வயது அம்மா ஒருவர் வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். ஊர் கூடி அடித்ததில் இறந்தே போனார்.

மணி அடித்துவிட்டீர்கள், உட்கார்ந்துவிடுகிறேன். அண்ணனுக்கு ஒரே ஒரு கேள்வி. அந்த வதந்தியை அனுப்பியவர்களில் எத்தனை பேர், 'அந்த அம்மா ஒரு பாவமும் அறியாதவர்' என்று அதே குழுவில் திருப்பி எழுதியிருப்பார்கள்? எழுந்து வந்து அதற்குப் பதில் சொல்லிவிட்டு, ஆயிரம் மூளைக் கணக்கைத் தொடரட்டும்.