குட்டி விமானத்துக்கு எதுக்குல இத்தன கொம்பு?

மக்களே, காத்துச் சத்தம் ஓவரா கேட்டா பொறுத்துக்கிடுங்க. இது சின்னமுட்டத்துல எங்க வீட்டு மொட்டமாடி. லீவுக்கு வந்திருக்கேன். நேத்து எங்க மாமாட்ட நான் வேல பாக்குற ஹேங்கர்ல, அதான் விமானம் நிறுத்துற கொட்டகையில, எடுத்த செஸ்னா 172 போட்டோவக் காட்டுனேன். மாமா விசைப்படகு ஓட்டுறவரு. பெருசாக்கிப் பாத்துட்டு, "எலே மக்கா, நாலு பேரு இருக்குற வண்டிக்கு எதுக்குல இத்தன கொம்பு? எங்க போட்டு வயர்லெஸ்ஸுக்கு ஒண்ணு போதுமே"ன்னாரு.

கேள்வி சரிதான். எனக்குச் சோறு போடுறதே இந்தக் கொம்பு, அதாவது ஆண்டெனாதான்.

இங்க பாருங்க, பழைய டிவி ஆண்டெனா. திருவனந்தபுரத்துக்கு ஒரு பக்கம், இலங்கை ரூபவாஹினிக்கு ஒரு பக்கம்னு அப்பா திருப்பித் திருப்பிக் கம்பமே தேஞ்சிட்டு. இதுல குழாய் எல்லாம் படுத்துக் கெடக்கு பாத்தியளா? இப்ப கீழ படகப் பாருங்க. வயர்லெஸ் கம்பி நட்டுக்கா நிக்குது. விமானத்துலயும் இதே கததான். வழி காட்டுற நேவ் ரேடியோவுக்கு, வால் மேல பூன மீச மாதிரி ரெண்டு கம்பி படுத்துக் கெடக்கும். டவர்ட்ட பேசுற காம் ரேடியோவுக்கு நிக்குற கம்பி. தரையில இருந்து விமானத்துக்கு வழி காட்டுற வி.ஓ.ஆர் நிலையம், படுத்த வாக்குல ஆடுற அலையத்தான் அனுப்புது. அத நிக்குற கம்பியில பிடிச்சா, சக்தியில நூத்துல ஒரு பங்கு தேறுனாலே பெருசு.

"சரி, பக்கத்துல வந்துட்டா அந்த ஒரு பங்கு போதாதா?"ன்னு மாமா மடக்குனாரு. போதும்னே வைங்க, அடுத்த வம்பு இருக்கு. நேவுக்கு 108ல இருந்து 117.95 மெகாஹெர்ட்ஸ் வர. காம் 118ல தொடங்குது. நடுவுல வரப்பே கெடையாது. ஒண்ண விட்டு மத்தத மறிக்கணும்னா பில்டர் எந்த எடத்துல வெட்டும்? அதோட காம் வெறும் கேக்குறவன் இல்ல, பேசுறவன். 10 வாட்ல பேசுனா 50 ஓம் கேபிள்ல 22 வோல்ட் வருது. அதே கேபிள்ல காத்துட்டு இருக்குற நேவ் ரேடியோவுக்குப் பழக்கம் மைக்ரோவோல்ட். காதுக்குள்ள வெடி போட்ட மாதிரி இருக்கும்.

கேக்குறவங்க மட்டும் கூடிக்கிட்டா பிரச்சன இல்ல. ஒரே மீசையில இருந்து நேவ் ஒண்ணு, நேவ் ரெண்டு ரெண்டுக்கும் ஸ்ப்ளிட்டர் வெச்சுப் பிரிக்கலாம். ஆளுக்குப் பாதி சக்தி, அதாவது 3 டெசிபல் போகும். கேபிள் டிவிக்காரரு போடுற அதே கணக்குதான். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது கிளைட்ஸ்லோப். இறங்கும்போது சரிவு காட்டுற சிக்னல். அது 330 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வருது. 110ஐ மூணால பெருக்கிப் பாருங்க! அதனால 110க்கு வெட்டுன கம்பி 330லயும் கேக்கும். ரெண்டும் தூரமா இருக்குறதால பிரிக்கவும் லேசு.

நாகர்கோவில் வடசேரியில வாங்குற டிவி ஸ்ப்ளிட்டரப் போட்டா என்னன்னு நானே ஒரு காலத்துல நெனச்சிருக்கேன். அது 75 ஓம், நம்மது 50. உள்ளதச் சொன்னா அதுல போற நஷ்டம் கொஞ்சந்தான். ஆனா இஞ்சின் அதிர்வுல அந்தத் திருகுக் கனெக்டர் எத்தன நாள் தாங்கும்? அனுமதி இல்லாத பார்ட்ட விமானத்துல மாட்டுறதும் தப்பு.

பகிர்ந்துக்கிட்டா வர்ற வினை வேற. நான் வேலைக்குச் சேந்த புதுசு. ஒரு விமானத்துல ரெண்டு நேவும் ஒரே நேரத்துல செத்துட்டுன்னு பைலட் எழுதியிருந்தாரு. நான் ரெண்டு பெட்டியயும் கழத்தி, பெஞ்சுல வெச்சு ரெண்டு நாள் பாத்தேன். ரெண்டும் ஜம்முனு வேல செய்யுது. பொறவு மூத்தவரு ஒருத்தரு வந்து, "தெருவே இருட்டாக் கெடக்கும்போது உன் வீட்டு பியூஸயால பிடுங்குவ?"ன்னு கேட்டாரு. டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு பேனலுக்கு அடியில மல்லாந்து படுத்தேன். ஸ்ப்ளிட்டருக்கு வர்ற கேபிள் முனையில இருக்குற பி.என்.சி கனெக்டரக் கழத்துனா, நடு ஊசி ஒரு மில்லிமீட்டர் பின்னால போயிருக்கு. அம்புட்டுத்தான்.

காமுக்கும் பகிர வழி இருக்கு, ஆனா முறை வெச்சு. ரெண்டு காமுக்கு ஒரே ஆண்டெனான்னா, ஒண்ணு பேசும்போது மத்தத ரிலே சுவிட்ச் அறுத்து விட்டுரும். மெயின் ரேடியோ போச்சுன்னா கைக்குள்ள அடங்குற ஹேண்ட்ஹெல்ட் இருக்கும், ஆனா அலுமினியக் கூட்டுக்குள்ள இருந்து அதோட ரப்பர் வால் தூரம் பிடிக்காது. அதுக்கு பேனல்ல ஒரு சாக்கெட் வைப்போம். ஹேண்ட்ஹெல்ட் வயர அதுல சொருகுனதும் மெயின் ரேடியோ ஆண்டெனாவ விட்டுரும், வெளிக் கம்பி முழுசும் இதுக்கு.

லீவு முடிஞ்சு போனதும் அந்த வேலதான் காத்துக் கெடக்கு. சாக்கெட் கால் பக்கம் வேணும்னு பைலட் நிக்காரு. இருட்டுல குனிஞ்சு தேடுவியளா, கண்ணுக்கு நேர வைக்கேன்னு நான் நிக்கேன். இன்னும் துளை போடல.