செல்லத்தின் குளம்பும் ஒரு குழந்தை டயப்பரும்

வணக்கம். இன்று காலை ஆறே முக்காலுக்குக் கொட்டிலைத் திறந்தபோது என் சின்னக் கழுதை செல்லம் தன் முன் இடது காலை முழுவதுமாகத் தரையில் ஊன்றி நின்றாள். ஒன்பது நாட்களாக நான் காத்திருந்த காட்சி அது என்பதால், தேநீர்கூடக் குடிக்காமல் கேமராவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சென்ற காணொளியில் அவள் தலையை ஆட்டி ஆட்டி நடந்ததைப் பார்த்துவிட்டு, அது சோம்பலாக இருக்கலாம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லை நான் ஏற்கவே மாட்டேன். கழுதை வலியை வெளியே காட்டாத பிராணி. அது நொண்டுவது நம் கண்ணுக்குத் தெரிகிறது என்றாலே வலி முற்றிவிட்டது என்று பொருள். அன்று அவளுடைய கணுக்காலின் பின்புறம் விரலை வைத்தபோது நாடி பலமாக அடித்தது. அந்தக் குளம்பு மற்ற மூன்றையும்விடச் சூடாக இருந்தது.

மருத்துவர் வந்து, குளம்பை இடுக்கியால் ஓரம் ஓரமாக அழுத்திப் பார்த்தார். நுனிக்குச் சற்று உள்ளே ஓரிடத்தில் அழுத்தியதும் செல்லம் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அங்கே வளைந்த கத்தியால் சீவியபோது மிளகளவு துளை வழியாகக் கறுத்த சீழ் வழிந்தது. கழுதையின் மூதாதைகள் வடகிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்தில் நடந்தவை. இங்கே இங்கிலாந்தின் டெவன் பகுதிச் செம்மண் சேற்றில் குளிர்காலம் முழுவதும் நின்றால் குளம்பு ஊறி மெத்தென்று ஆகிவிடும். பிறகு ஒரு பொடிக்கல் புகுந்தாலும் கிருமிக்கு வழி கிடைத்துவிடும்.

இனி நான் வாங்கிய ஒரு காலுறையின் கதைக்கு வருகிறேன். கட்டு நனையாமலிருக்க மருந்துப் பற்றின் மேல் மாட்டும் உறை என்று விளம்பரம் செய்ததை நம்பி 38 பவுண்டு கொடுத்து வாங்கினேன். மினியேச்சர் கழுதை என்றால் தோள் உயரம் 36 அங்குலத்தைத் தாண்டாது. அவளுடைய குளம்பு என் உள்ளங்கைக்குள் அடங்கும். விற்பவர்களின் மிகச் சிறிய அளவோ குதிரைக்குட்டிக்கே தொளதொளக்கும். அரை மணி நேரத்தில் அது சேற்றில் கிடந்தது. சேறு பட்டுவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சின்னக் கழுதைகளை வளர்ப்பவர்கள் இத்தனை பேர் இருக்கும் நாட்டில் அவற்றின் காலுக்கென்று ஓர் அளவு இல்லாதது எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசியில் காப்பாற்றியது பிறந்த குழந்தைக்கான டயப்பர்தான். பற்றை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து துளையின் மேல் வைத்து, டயப்பரால் குளம்பை மூடி, இழுபட்டியைச் சுற்றிவிட்டு, முன்பே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டித் தயாராக வைத்திருந்த டக்ட் டேப் சதுரத்தை அடியில் அழுத்தினேன். டேப் குளம்போடு நிற்க வேண்டும். முடி தொடங்கும் இடத்துக்கு மேலே இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைப்படும். நேற்று மாலை கட்டியது இன்று காலைவரை துளியும் நகரவில்லை! இதோ பாருங்கள், அடிப்பகுதி மட்டும் சற்றுத் தேய்ந்திருக்கிறது.

சொல்ல மறந்துவிட்டேன்: சீழ் எடுத்த அன்றே டெட்டனஸ் தடுப்பூசியின் தேதியையும் மருத்துவர் சரிபார்த்தார். கால் வலியைவிட எனக்குப் பெரிய பயம் அவள் தீனியை விட்டுவிடுவாளோ என்பதுதான். உடல் பருத்த சின்னக் கழுதை தின்பதை நிறுத்தினால், உடம்பின் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கலந்து ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்; உயிரே போகலாம். இதனால்தான் அவளுடைய துணைக் கழுதை கருப்பியை அவளிடமிருந்து பிரிக்காமல் அதே கொட்டிலில் வைத்திருக்கிறேன். துணை பிரிந்த ஏக்கத்திலேயே கழுதை தீனியைத் தள்ளிவிடும். ரொட்டி கொடுங்கள் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். 1969இல் எலிசபெத் ஸ்வெண்ட்சன் தொடங்கிய சிட்மத் கழுதைகள் காப்பகம் சொல்வதும் பார்லி வைக்கோல்தான், நான் போடுவதும் அதுதான்.

வலி மருந்தை ஆப்பிள் மசியலில் கலந்து கொடுத்தேன். முதல் நாள் துப்பினாள், மறுநாள் கிண்ணத்தையே நக்கினாள். குளம்பு சீவுபவர் வெள்ளிக்கிழமை வருகிறார். அதுவரை இருவரும் மரச்சீவல் பரப்பிய உலர்ந்த தரையில்தான் இருப்பார்கள். அவர் துளையைப் பார்த்துச் சொல்வதை அடுத்த காணொளியில் காட்டுகிறேன்.