649 ரூபாய் எண்ணெயும் வளவுக் கதவும்

வணக்கம் மக்களே! இடது மோதிர விரலைப் பாருங்கள். கேமராவில் தெரிகிறதா? நகத்துக்கு நடுவில் கருப்பாக ஒரு புளியங்கொட்டை. போன மாதம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் கல்யாணத்தில், பெரிய வீட்டு வளவுக் கதவு, அதாவது முற்றத்துக் கதவு, நசுக்கிய விரல் இது. பர்மாத் தேக்கு, ஆள் உயரத்துக்கு மேல். அந்த வீட்டுக் கதவுகளை எத்தனை வீடியோவில் தூக்கி வைத்துப் பேசியிருக்கிறேன்! நன்றி கெட்ட கதவு.

வலியில் உறக்கமே இல்லை. மறுநாள் டாக்டர் நகத்தில் பொடித் துளை போட்டு, உள்ளே அடைபட்ட ரத்தத்தை வெளியே விட்டார். துளை போடும்போது வலிக்கவே இல்லை! நகம் செத்துப்போன கெரட்டின் என்ற புரதத் தகடுதான், நரம்பெல்லாம் அதற்கு அடியில் இருக்கும் தோலில்தான் என்றார். முடியும் அதே கெரட்டின்தான், வெட்டினால் வலிக்கிறதா என்ன? இதை வீட்டில் ஊசியை வைத்துச் செய்துபார்க்காதீர்கள்.

இனிமேல்தான் என் கோபம். நகம் கழன்று விழுந்துவிடுமோ என்ற பயத்தில், 'ஏழே நாளில் நகம் வளரும்' என்ற எண்ணெய் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். 10 மில்லி, 649 ரூபாய். லிட்டர் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 64,900. அந்த விலைக்கு வீடு முழுக்க ஆத்தங்குடிக் கல் பதிக்க முடியாதுதான், ஆனாலும் 64,900! பார்சல் பெட்டி மட்டும் பெரிது, உள்ளே கட்டைவிரல் அளவு பாட்டில்.

வாங்கியாச்சு, சும்மா விடுவேனா? இடது கை ஐந்து விரலுக்கும் எண்ணெய், வலது கைக்கு ஒன்றும் இல்லை. அளக்க ஒரு குறி வேண்டுமே, அதற்கு... அட, முக்கியமானதைச் சொல்லவே இல்லை. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி அப்பத்தா இலை அரைத்து மருதாணி வைத்துவிட்டது, நகத்துக்கும் சேர்த்து. கோன் மெஹந்தி எனக்கு ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். இந்த மருதாணிதான் என் அளவுகோல்.

உள்ளங்கையில் பிடித்த சிவப்பு மூன்று வாரத்தில் போய்விட்டது. மேல்தோலின் அடியில் புது செல்கள் பிறந்து மேலே வர, பழையது உதிர்ந்துகொண்டே இருக்கும், நிறமும் கூடவே போய்விடும். உள்ளங்கையில் அந்தச் செத்த அடுக்கு தடிமன், அதனால்தான் புறங்கையைவிட அங்கே சிவப்பு அடர்த்தி. நகத்தில் உதிர்வு கிடையாது. பின்னாலிருந்து தள்ளுவதுதான், தேன்குழல் அச்சு மாதிரி. அந்த அச்சு நகத்தின் அடியில், தோலுக்குள் ஒளிந்திருக்கிறது. கட்டைவிரலில் வெள்ளைப் பிறை தெரிகிறதே, அது அதன் நுனி. மருதாணி முன்னால் நகர நகர, பின்னால் சிவக்காத புது நகம் எட்டிப் பார்க்கும்.

சரி, 35 நாள் கழித்து ஸ்கேல் வைத்தேன். எண்ணெய் போட்ட இடது ஆள்காட்டி விரல் மூன்றரை மில்லிமீட்டர். எண்ணெயே பார்க்காத வலது ஆள்காட்டி விரல்? அதுவும் மூன்றரை! மூன்று தடவை அளந்தேன், தம்பியை விட்டும் அளந்தேன். சுண்டுவிரல் கொஞ்சம் பின்தங்கல், அதுவும் இரண்டு கையிலும். கால் கட்டைவிரலில் ஏறக்குறைய பாதிதான், கால் நகம் எப்போதுமே மெதுவு. கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் என்பதுதான் பொதுக் கணக்கு, முழு நகம் மாற ஆறு மாதம் ஆகும். வறண்டு உடையும் நகத்துக்கு எண்ணெய் நல்லதுதான், அதற்கு வீட்டு நல்லெண்ணெய் போதாதா? மேலே தடவி உள்ளே இருக்கும் அச்சை முடுக்க முடியாது.

இந்தக் கருப்பும் மருதாணியோடு சேர்ந்து முன்னால் நகர்கிறது. ஆனால் அடிபடாமலே நகத்தில் கருப்புக் கோடு வந்தாலோ, கருப்பு நகராமல் அப்படியே நின்றாலோ டாக்டரிடம் காட்டுங்கள். இன்னொன்று, பார்லரில் நகம் தொடங்கும் இடத்தில் மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை வெட்ட விடாதீர்கள். கிருமி உள்ளே போகாமல் அடைத்திருக்கும் சீல் அது. அழகு என்று அதை வெட்டுபவர்களைக் கண்டாலே எனக்கு எரிகிறது.

மிச்ச எண்ணெயா? அந்த வளவுக் கதவின் குடுமிக்கு விட்டேன். எத்தனை வருடத்துக் கிறீச், ஒரே சொட்டில் நின்றுவிட்டது.