பக்கத்து வீட்டு நாய் எத்தனை மணிக்குக் குரைக்கிறது?

வணக்கம். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது என்று வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைத்தவர் உங்களில் யாராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். நாய் வளர்ப்பவருக்கு யோசனை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாய் வளர்க்காமலே நாயால் தூக்கத்தைத் தொலைத்தவருக்குக் கிடைப்பதெல்லாம் ஒரே பதில்தான்: "நாய்னா குரைக்கத்தான் செய்யும், பழகிக்கோங்க."

பழகாது. மின்விசிறிச் சத்தம் பழகும், சாலைச் சத்தம்கூடப் பழகும், ஏனென்றால் அவை சீராக ஓடிக்கொண்டிருப்பவை. குரைப்பு அப்படியில்லை. வெடுக்கென்று வரும், நிற்கும், நின்றுவிட்டது என்று கண்ணை மூடினால் மறுபடி வரும். குரைக்கும் நேரத்தைவிட, அடுத்தது எப்போது என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் நேரம்தான் ஆளைக் கொல்லும். தூங்கும் அறைக்குள் விட்டுவிட்டு வரும் சத்தம் 45 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. நல்ல உடம்புள்ள ஒரு நாய் பக்கத்தில் நின்று குரைத்தால் 90 வரைக்கும் போகும். 2012இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தில் சார்லி என்ற கோல்டன் ரிட்ரீவர் 113.1 டெசிபலுக்குக் குரைத்துக் கின்னஸ் புத்தகத்திலேயே ஏறியது. அதனால் தூக்கம் போனதற்காகக் கூச்சப்படாதீர்கள். உங்கள் பொறுமையில் ஒரு குறையும் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? நாய்ப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு நான் வந்ததே ஒரு பக்கத்து வீட்டால்தான். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன், நான் சொல்ல வந்தது முழுக்க அதற்குள்ளேயே இருக்கிறது.

மதிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு நாய்கள், ஒன்று வயதானது, இன்னொன்று குட்டிப் பருவம் தாண்டி ஓராண்டு ஆகியிருக்கும். அப்போது நான் நள்ளிரவுக்கு மேல் தொடங்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், பகலில்தான் தூக்கம். "நாள் பூரா குரைக்குதுங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன், மனதார நம்பித்தான் சொன்னேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், சண்டைக்குப் போவதற்கு ஆதாரம் வேண்டுமே என்று ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு நின்றது, அந்த நேரத்தில் தெருவில் என்ன நடந்தது. இவ்வளவுதான், வேறொன்றும் எழுதவில்லை.

12 நாள் எழுதினேன். பிறகு புரட்டிப் பார்த்தால் நாள் பூரா இல்லை, மூன்றே வேளைகள். காலையில் வீட்டுக்கார அம்மா கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிக் கால் மணி நேரத்தில் ஒன்று, அதுதான் மணிக்கணக்கில் நீளும். சாயங்காலம் பிள்ளைகள் பள்ளி விட்டு அந்தக் கேட்டைக் கடக்கும்போது ஒன்று. இரவு பதினொன்றரைக்கு மேல் மதில்மேல் ஒரு பூனை நடக்கும், அப்போது ஒன்று. மூன்றுக்கும் மூன்று தனித்தனிக் காரணம்! இத்தனை நாளும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'நாய்த் தொல்லை' என்று பெயர் வைத்திருந்தேன்.

சத்தமும் ஒன்றில்லை. நம் மொழியில்தான் எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள், குரைத்தல், உறுமல், ஊளை, முனகல், அனத்தல். காரணம் இல்லாமலா இத்தனை வந்தது? ஹங்கேரியில் ஆராய்ச்சியாளர்கள் வேற்றாளைக் கண்டபோது, தனியாகக் கட்டிப்போட்டபோது, விளையாடும்போது என்று நாய்கள் குரைத்ததைத் தனித்தனியாகப் பதிவு செய்து ஆட்களிடம் போட்டுக் காட்டினார்கள். 2005இல் அதை வெளியிட்டார்கள். வெறும் காதால் கேட்டே, எது எந்த நேரத்துக் குரைப்பு என்று பலரும் ஓரளவுக்குச் சரியாகச் சொல்லிவிட்டார்கள், நாய் வளர்க்காதவர்களும்கூட. தடித்த குரலில் இடைவெளி இல்லாமல் வந்தால் அது விரட்டும் குரைப்பு. கீச்சென்று உயர்ந்து, விட்டு விட்டு வந்தால் தனியாகக் கிடந்து தவிக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கே காது கொடுத்துப் பாருங்கள், உங்களுக்கும் தெரியும்.

அப்புறம், இதை நான் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: அந்தக் காலைக் குரைப்பு வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. அவர் போன பிறகுதான் அது தொடங்குகிறது, அவர் வரும்போது வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. "எங்க நாய் குரைக்கவே குரைக்காதே" என்று அவர் சொன்னால் பொய் சொல்கிறார் என்று பாயாதீர்கள். அவர் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

நான் ஒரு சாயங்காலம் நோட்டையும் செல்போனையும் எடுத்துக்கொண்டு போனேன். போவதற்கு முன் நன்றாகத் தூங்கி எழுந்துதான் போனேன், நீங்களும் அப்படியே போங்கள், குரைத்துக்கொண்டிருக்கும்போது மட்டும் போகாதீர்கள். "அக்கா, ஒரு நிமிஷம் இதைக் கேளுங்க" என்று, என் ஜன்னலோரம் பதிவு செய்ததைப் போட்டு மேசைமேல் வைத்தேன். கீழே படுத்திருந்த பெரிய நாய் தலையைத் தூக்கிப் போனைப் பார்த்தது. சின்னது விறுவிறுவென்று வாசற்கதவுக்கு ஓடி, கதவின் அடி இடுக்கில் மூக்கை வைத்து மோந்துகொண்டே நின்றது. அந்த அக்கா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது நம்ம சின்னவனா தம்பி? இப்படியா அழுவான்?" என்றார். அவர் கை தானாகப் பெரியவன் தலைமேல் போய் நின்றது. சண்டைக்கென்று எழுதிய நோட்டு அது. அதை அவரே வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 12 நாளையும் படித்தார்.

பிறகு நடந்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைதான். கேட்டுக் கம்பிக்குப் பின்னால் ஒரு தகரத்தை அடித்தார்கள், தெருவில் போகிற கால்கள் நாய்க்குத் தெரியாமல் போயின. நாயின் கணக்கைக் கவனியுங்கள்: ஒரு ஆள் வருகிறான், நான் குரைத்தேன், அவன் போய்விட்டான். அவன் தன் வழியில் போனான் என்பது அதற்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு முறையும் தானே விரட்டியதாக நினைத்து அடுத்த முறை இன்னும் உரக்கக் குரைக்கிறது. பார்வையை மறைத்தால் பாதி அடங்கும். இரவில் இரண்டையும் வீட்டுக்குள் படுக்க வைத்தார்கள், பூனை நிம்மதியாக நடந்தது. தனிமைக் குரைப்புக்குத்தான் நாளானது. அரை நிமிடம் வெளியே போய் வருவது, இரண்டு நிமிடம், பத்து நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போனார்கள், கிளம்பும் முன் மெல்லுவதற்கு ஏதாவது கொடுத்தார்கள். சேர்ந்தாற்போல் தூங்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. நடுவில் ஒரு வாரம் முன்னைவிட அதிகமாகக் குரைக்கவும் செய்தது. வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காவிட்டால் நாய் முதலில் சத்தத்தைக் கூட்டித்தான் பார்க்கும், அந்த வாரத்தில் கைவிட்டால் எல்லாம் வீண்.

செய்யக் கூடாதது சில உண்டு, வேகமாகச் சொல்கிறேன். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தாதீர்கள், நீங்களும் கூடச் சேர்ந்து குரைப்பதாகத்தான் அதற்குப் படும். வாயை அடைக்கப் பிஸ்கட் வீசாதீர்கள், குரைத்தால் பிஸ்கட் என்று ஒரே நாளில் படித்துக்கொள்ளும். கல்லெறிவது, தீனியில் எதையாவது கலப்பது, இவை நினைப்பதற்கே கூடாத கொடுமை. நமக்குக் கேட்காத கீச்சொலிக் கருவிகள் விற்கிறார்கள். நாய்க்கு ஏறக்குறைய 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நமக்கு 20,000தான், அந்த வித்தியாசத்தில் பிழைக்கிற கருவி அது. தவிப்பில் குரைக்கிற நாய்க்கு அது இன்னொரு தவிப்பு. மின் அதிர்ச்சிக் கழுத்துப்பட்டையை வேல்ஸ் நாடு 2010இலேயே தடை செய்துவிட்டது. குரல் நாணை அறுக்கும் அறுவையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரமில்லை, 1987இன் ஐரோப்பியச் செல்லப்பிராணி ஒப்பந்தம் அதைக் கூடாது என்கிறது என்பதோடு விடுகிறேன்.

இன்னும் இரண்டே நிமிடம் என்று நிலையக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். எவ்வளவு பேசியும் வீட்டுக்காரர் மசியாவிட்டால் என்ன செய்வது என்பதுதான் மிச்சம். முதலில் கடிதமாக எழுதிக் கொடுங்கள், தேதி போட்டு, நகல் ஒன்றை வைத்துக்கொண்டு. வாடகை வீடென்றால் வீட்டு உரிமையாளரிடம், அடுக்குமாடி என்றால் குடியிருப்போர் சங்கத்திடம், அதற்கு மேல்தான் உள்ளாட்சி அலுவலகமும் காவல் நிலையமும். எங்கே போனாலும் முதல் கேள்வி, எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதுதான். அதற்கும் அந்த நோட்டுதான் வேண்டும். இன்று ராத்திரி குரைத்தால் எழுந்து மணியைப் பாருங்கள், முதல் வரியை எழுதிவிட்டுப் படுங்கள். நன்றி, வணக்கம்.